காது மிஷின் போட்டும் இரைச்சல் அடங்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

காதுக்குள் ஓயாமல் ஒலிக்கும் இரைச்சலை எங்கள் பக்கத்தில் சிலர் வண்டு என்பார்கள், சிலர் கூவல் என்பார்கள். ஆலையில் வேலை பார்த்தவர்கள் "மிஷின் இன்னும் நிக்கல" என்பார்கள். மன்னார்குடிக்கு அருகே ஒரு நெல் அரவை ஆலையில், உமி நீக்கும் எந்திரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் தள்ளி அமர்ந்து 26 ஆண்டுகள் கணக்கெழுதிய எனக்கு அது இரு காதிலும் சில்வண்டின் குரலாக வந்தது. ஒன்பது ஆண்டுகளாகச் செவித்துணைக் கருவி அணிந்து வருகிறேன். இந்தக் காலத்தில் எனக்கும், என்னிடம் கேட்டு வந்த அக்கம்பக்கத்தாருக்கும் நேர்ந்த பழுதுகளை, அவை வெளியே எப்படித் தெரிந்தனவோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பகலில் காதில் விழாத பம்புசெட்டு நள்ளிரவில் மூன்று வயல் தாண்டியும் கேட்கிறது. மோட்டார் ஓடும் வேகம் கூடிவிடவில்லை, சுற்றுப்புறம் அடங்கியிருக்கிறது. காது இரைச்சலும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. கேட்கும் திறன் குறைந்து, காதிலிருந்து மூளைக்குப் போக வேண்டிய ஒலி வற்றும்போது, மூளை அந்த வெற்றிடத்தை ஈடுசெய்யத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது; அப்போது உள்ளேயே எழும் ஓசை பெரிதாகத் தெரிகிறது. கருவி வெளி ஒலியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதால் உள்ளோசை பின்னுக்குப் போகிறது. ஆகவே கருவி அணிபவர் ஒருவர் "இரைச்சல் கூடிவிட்டது" என்று சொன்னால், நான் முதலில் கேட்பது "கருவியின் ஒலி குறைந்திருக்கிறதா?" என்பதைத்தான். கருவியை முதலிலும், காதை அடுத்தும், தூக்கம், மனக்கவலை ஆகியவற்றை அதற்கடுத்தும் பார்ப்பது என் முறை. ஆனால் அந்த வரிசையைப் பின்பற்றக் கூடாத சில நிலைகள் உண்டு. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கருவியைத் தொடாமல் மருத்துவரிடம் போக வேண்டிய நிலைகள்

ஒரு காது சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ திடீரென மந்தமாகி, அதோடு இரைச்சலும் தொடங்கினால் அது அவசர நிலை. குறும்பி அடைத்திருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உள்காது நரம்பு சார்ந்த திடீர்க் கேளாமைக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள்; அதை முதல் சில நாட்களுக்குள் தொடங்குவதே நல்லது, இரண்டு வாரம் கடந்துவிட்டால் பலன் பெரிதும் குறைகிறது. அறுவடை முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போட்ட காது திரும்பாமலே போகக்கூடும்.

இரைச்சல் நாடித் துடிப்போடு சேர்ந்து "டப், டப்" என்று கேட்டாலும், ஒரே காதில் மட்டும் நீடித்தாலும், தலைசுற்றலோ, முகம் ஒரு பக்கம் கோணுதலோ, காதில் சீழோ சேர்ந்து வந்தாலும், தலையில் அடிபட்ட பிறகு தொடங்கியிருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். துடிப்போடு வரும் இரைச்சலுக்கு ரத்தக் குழாய் சார்ந்த காரணம் இருக்கலாம். ஒற்றைக் காது இரைச்சலுக்கு, அரிதாகவேனும், செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். அண்மையில் ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளையோ புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினையோ பெற்றிருந்தால் அதையும் சொல்லுங்கள்; இவை உள்காதைத் தாக்கக்கூடியவை. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

நேற்று வரை அடங்கியிருந்த இரைச்சல் இன்று காலையிலிருந்து உரக்கக் கேட்கிறது

இந்தக் குறையைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். இதற்குத்தான் காரணங்களும் அதிகம்.

கருவியை இயங்கும் நிலையில் உள்ளங்கையில் வைத்து விரல்களைக் குவித்து மூடுங்கள். "கீ" என்ற கூவல் கேட்டால் கருவியில் உயிர் இருக்கிறது. புதிய டிஜிட்டல் கருவிகள் சில கூவலைத் தாமாகவே அடக்கிவிடும் என்பதால், கூவவில்லை என்பதை மட்டும் வைத்துப் பழுதென்று முடிவு செய்ய வேண்டாம். உங்களுக்கு அந்தக் கூவல் கேட்காது என்றால் வீட்டில் உள்ள யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். கூவல் மெலிந்திருந்தால் பேட்டரியில் தொடங்குங்கள்.

பட்டன் பேட்டரிகளின் ஒட்டுத்தாள் நிறம் அளவைக் காட்டும்: 10-க்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம். இவை துத்தநாகமும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தருபவை. ஒட்டுத்தாளை உரித்த கணத்திலிருந்து மேல்புறத் துளைகள் வழியே காற்று உள்ளே போகத் தொடங்கும். உரித்தவுடன் கருவிக்குள் அடைத்துவிடாமல் ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் மின் அழுத்தம் முழுமையாக ஏறியிருக்கும். உரித்த பிறகு தாளைத் திரும்ப ஒட்டினாலும் தேய்மானம் நிற்காது. இந்தப் பேட்டரிகள் சோர்வை முன்கூட்டிக் காட்டாமல் கடைசி வரை ஒரே சீராக ஓடிவிட்டுச் சட்டென்று இறங்குபவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நேற்று நன்றாக இருந்ததே என்பது இங்கே ஆதாரமாகாது.

எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு நாள் காலை திண்ணையில் வந்து உட்கார்ந்து, "தம்பி, நேத்து ராத்திரியிலேருந்து காதுக்குள்ள ரயில் நிக்காம ஓடுது, புது பேட்டரி போட்டும் அப்படியேதான் இருக்கு" என்றார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். அவசரத்துக்கு உதவும் என்று பேரன் ஆறு பேட்டரிகளின் ஒட்டுத்தாளையும் மூன்று வாரத்துக்கு முன்பே உரித்துத் திரும்பச் செருகி வைத்திருந்தான். ஆறும் அட்டையிலேயே செத்திருந்தன. கடையிலிருந்து புதிய அட்டை வாங்கி, ஒன்றை உரித்து, காப்பி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து போட்டோம். பெரியம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வேப்பமரத்துல குருவி கத்துது" என்றார். ரயில் பற்றி அன்று மறுபடி அவர் பேச்செடுக்கவில்லை.

பேட்டரி சரியாக இருந்தால் அடுத்தது ஒலி வெளிவரும் வழி. காதுக்குப் பின்னால் மாட்டும் வகையில், கருவியையும், காதின் அளவுக்கு வார்த்து காதுக்குள் செருகும் மோல்டையும் இணைக்கும் மெல்லிய டியூபை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில், உடற்சூடும் வெளிக் குளிரும் சந்தித்து, உள்ளே கடுகளவு நீர்த்துளி நின்றிருக்கும்; ஒலியை அடைக்க அந்த ஒரு துளி போதும். டியூபைக் கருவியின் கொக்கியிலிருந்து மெதுவாகக் கழற்றி, இதற்கென விற்கும் சிறு ரப்பர்க் காற்றூதியால் ஊதி வெளியேற்றுங்கள். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் சேர்ந்து நிலைமை மோசமாகும். மோல்டைக் கழுவுவதானாலும் கருவியிலிருந்து பிரித்த பிறகே கழுவி, முழுக்க உலர்த்தி மாட்ட வேண்டும். டியூப் மஞ்சளேறி விறைத்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

மெல்லிய வயர் காதுக்குள் போய், நுனியில் ஒலியெழுப்பும் ரிசீவர் இருக்கும் வகையானால், அந்த நுனியில் குறும்பியைத் தடுக்கும் சல்லடை போன்ற சிறு வடிகட்டி ஒன்று உண்டு. கருவியோடு தரும் குச்சியின் ஒரு முனையால் பழையதைப் பிடுங்கி, மறுமுனையில் உள்ள புதியதைச் செருக வேண்டும். நிமிடத்தில் முடியும் வேலைதான். ஆனால் அது இருப்பதே தெரியாமல், கருவி போய்விட்டது என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர்.

மூன்றாவது, ஒலி உள்ளே போகும் வழி. கருவியின் முதுகில் ஊசிமுனை அளவில் இருக்கும் துளைகளே மைக். பவுடர், விபூதி, தலைக்கு வைக்கும் எண்ணெய், ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தவிட்டுத் தூசி ஆகியவை அவற்றை அடைக்கும். குளித்து, தலை துவட்டி, எண்ணெய் வைத்து, விபூதி பூசிய பிறகு கடைசியாகக் கருவியை அணியும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் இந்தத் தொல்லையில் பாதி வராது. துளைகளை மென்மையான உலர்ந்த தூரிகையால், துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் துடையுங்கள். ஊசியால் குத்தக் கூடாது.

ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் கருவியின் முதல் பகை அதுதான். இரவில் கழற்றியதும் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் கருவியை வையுங்கள். பேட்டரியையும் உள்ளே வைத்தால் அதுவும் காய்ந்து கெடும். ஜெல் மணிகள் ஈரம் குடித்தால் நிறம் மாறும், நீல மணிகள் இளஞ்சிவப்பாகும். அப்போது சூடேற்றியோ புதிதாக வாங்கியோ மாற்ற வேண்டும். நனைந்த செல்போனை அரிசிக்குள் புதைப்பதுபோல் கருவியையும் அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பவர்கள் இங்கே உண்டு. செய்யாதீர்கள், அரிசி மாவுத் தூசி மைக் துளைக்குள் போய் அடைந்துகொள்ளும். வெயிலில் காயவைப்பதும், முடி உலர்த்தும் கருவியின் சூட்டில் காட்டுவதும் தவறு.

சார்ஜ் செய்யும் வகைகளில் இரவு மின்தடையால் சார்ஜ் ஏறாமல் போயிருக்கலாம், அல்லது உலோகத் தொடுமுனையில் அழுக்குப் படிந்திருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒலி மந்தமென்றால் காதையே பார்க்க வேண்டும். மோல்டு அணியும் காதில் குறும்பி இயல்பாக வெளியே வர இடமில்லாமல் சேர்ந்துகொள்ளும். அது செவிக்குழாயை அடைத்தால் கேட்கும் திறன் குறைந்து இரைச்சல் மேலெழும். பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு எதையும் உள்ளே விடாதீர்கள். அவை குறும்பியை மேலும் உள்ளே தள்ளும், சவ்வையும் காயப்படுத்தும். மருத்துவர் எடுத்துவிட்டால் அன்றே வித்தியாசம் தெரியும்.

புதிதாக வாங்கிப் போட்டும் இரைச்சலில் மாற்றமே இல்லை

இதில் பொறுமையும் வேண்டும், கேள்வி கேட்கும் துணிவும் வேண்டும். முதல் சில வாரங்கள் மூளை புதிய ஒலிகளுக்குப் பழகும் காலம். விழித்திருக்கும் நேரம் முழுவதும் அணிபவருக்கே பலன் கிடைக்கிறது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் போட்டுக்கொள்பவர் இரைச்சல் குறையவில்லை என்று சொன்னால் கருவியைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஆனால் முழு நேரமும் அணிந்து இரண்டு மூன்று மாதம் கடந்தும் சிறிதும் மாற்றம் இல்லையென்றால், பொருத்திய விதத்தைப் பற்றி, கேட்கும் திறனை அளந்து கருவி பொருத்தும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டிடம் நேராகக் கேளுங்கள். ஆடியோகிராம் என்னும் செவித்திறன் வரைபடம் வழக்கமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை அளப்பது. ஆலைச் சத்தத்தாலும் வயதாலும் வரும் குறைபாடு மேல் அலைவரிசைகளில்தான் முதலில் இறங்கும். இரைச்சலின் சுருதியும் பெரும்பாலும் அதே பகுதியில்தான் இருக்கும். கருவி அந்தப் பகுதிக்குப் போதிய ஒலி தருகிறதா என்பதை, செவிக்குழாய்க்குள் மெல்லிய அளவுக் குழாய் ஒன்றைச் செருகி, செவிப்பறையருகே ஒலியை அளந்து பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். இந்த அளவீட்டைச் செய்யாமல், கணினி தரும் முதல் அமைப்பையே போட்டு அனுப்பிவிடுவதை நான் அனுபவித்திருக்கிறேன். என் முதல் கருவி அப்படித்தான் பதினோரு மாதம் பயனின்றிக் கிடந்தது. வேறிடத்தில் அளந்து திருத்திய மறுவாரம் சில்வண்டு தூரமாகிவிட்டது. இரைச்சலின் சுருதி கருவி தரக்கூடிய அலைவரிசைக்கும் மேலே இருந்தால் கருவியின் உதவி குறைவாகவே இருக்கும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு நுட்பம் பலருக்குத் தெரியாதது. பேச்சைத் தெளிவாக்குவதற்காகக் கருவிகள் பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும். அமைதியான அறையில் மெல்லிய ஒலிகளை முழுக்க அடக்கியும்விடும். பேச்சுக்கு அது நல்லது. இரைச்சல் உள்ளவருக்கோ அந்த மெல்லிய ஒலிகளே மருந்து: மின்விசிறியின் காற்று, தெருக்கோடியில் போகும் சைக்கிள் மணி, அடுப்படியில் தாளிக்கும் ஓசை. ஆகவே பின்னணிச் சத்தத்தை அடக்கும் வசதியைக் குறைத்து, மெல்லொலிகளுக்கு அதிக வலுவூட்டி, எல்லாத் திசையிலிருந்தும் ஒலி வரும்படி தனி ஒலி அமைப்பு ஒன்றைக் கருவியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சந்தைக்குப் போகும்போது ஒன்று, வீட்டில் தனியாக இருக்கும்போது மற்றொன்று என்று பொத்தானைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம்.

கேட்கும் திறன் முழுக்க நன்றாக இருந்து, இரைச்சல் மட்டும் உள்ளவருக்குக் கருவி விற்கப்பட்டிருந்தால் அது பயன் தராததில் வியப்பில்லை. சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கேட்கும் திறனில் குறைபாடு இல்லாதவருக்கு இரைச்சலுக்காக மட்டும் ஒலிபெருக்கும் கருவி கொடுக்க வேண்டாம் என்கிறது. குறைபாட்டால் உரையாடல் பாதிக்கப்படுபவருக்குக் கொடுக்கச் சொல்கிறது.

கருவி கூவுகிறது

வெளியேறும் ஒலி கசிந்து மைக்குக்குத் திரும்பினால் கூவும். மோல்டைக் கழற்றிச் சரியாகத் திருகி மாட்டிப் பாருங்கள். அப்படியும் கூவினால் காதில் குறும்பி, வெடித்த டியூப், உடல் மெலிந்ததால் தளர்ந்த மோல்டு, அளவில் சிறிய டோம் (மோல்டுக்குப் பதிலாகச் சில கருவிகளின் நுனியில் இருக்கும் மென்மையான மூடி) ஆகியவற்றில் ஒன்று காரணம். ஒலியளவைக் குறைத்துக் கூவலை நிறுத்துவது தீர்வாகாது. குறைந்த ஒலியில் இரைச்சல் மறுபடி தலைதூக்கும்.

என் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கிறது

செவிக்குழாயை முழுவதும் அடைத்துவிட்டால் சொந்தக் குரல் உள்ளேயே முழங்கும். சிலருக்கு இரைச்சலும் கூடத் தெரியும். கீழ் அலைவரிசைகளில் கேட்கும் திறன் நன்றாக இருப்பவருக்குத் துளையுள்ள திறந்த டோமோ, காற்றுத் துளை விட்ட மோல்டோ பொருந்தும். வெளி ஒலி இயற்கையாகவும் உள்ளே வரும் என்பதால் இரைச்சலுக்கும் அது நல்லது. குறைபாடு கடுமையானால் திறந்த டோம் கூவும். அங்கே ஒரு சமரசம் தேவைப்படும்.

பகலில் பரவாயில்லை, படுத்ததும் தாங்க முடியவில்லை

கருவியைக் கழற்றியதும் இரைச்சல் திரும்புவது இயல்பு. கருவி அதை அழிப்பதில்லை. இரவுக்கு, மெல்லிய வெளி ஓசையைத் தொடர்ந்து ஒலிக்கவிடும் ஒலி சிகிச்சைதான் துணை.

டெல்டாவின் இரவுகள் பருவத்துக்குப் பருவம் வேறு. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பின், மதகடியில் விழும் நீரோசையும், சம்பா நடவுக் காலத்தின் தவளைச் சத்தமும் எனக்குப் போதுமானவை. கோடையில் வாய்க்கால் வறண்டு, காற்றும் அசையாத இரவுகளில்தான் இரைச்சல் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். நடு இரவில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றதும் திடுக்கிட்டு விழிப்பவர்கள் புழுக்கத்தால் மட்டும் விழிப்பதில்லை. அதுவரை இரைச்சலைத் தாங்கிப் பிடித்திருந்த ஓசை அறுந்துபோவதும் ஒரு காரணம். ஆகவே மின்தடையிலும் ஓடக்கூடிய ஒன்று வேண்டும். செல்போனில் மழை அல்லது ஆற்று ஓசையைப் பதிந்து வைத்து, இணைய இணைப்பு இல்லாமலும் ஓடும்படி செய்துகொண்டு, சிறு ஒலிபெருக்கியில் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். நான் பயன்படுத்துவது எங்கள் ஊர் மதகருகே ஓர் ஆவணி மாலையில் நானே பதிந்த 40 நிமிடம். முடிந்ததும் மறுபடி தொடங்கும்படி அமைத்திருக்கிறேன். இடையே ஒரு நொடி மௌனம் வந்தாலும் விழிப்பு வந்துவிடும் என்பதால் தொடக்கத்தையும் முடிவையும் மகன் இணைத்துக் கொடுத்தான்.

ஒலியளவில்தான் பலர் பிழை செய்கிறார்கள். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்குக் கூட்டுவது 1970-களில் பரவிய மறைக்கும் முறை. உடனடி ஆறுதல் தரும். ஆனால் மூளை அந்த இரைச்சலைப் பொருட்படுத்தாமல் விடப் பழக வேண்டுமென்றால், இரைச்சல் அதற்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நரம்பியல் ஆய்வாளர் பாவெல் யாஸ்ட்ரெபாஃப் 1990-இல் முன்வைத்த நரம்பியல் விளக்கத்திலிருந்து வளர்ந்த மறுபயிற்சி முறை, வெளி ஒலியும் இரைச்சலும் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும் புள்ளிக்குச் சற்றுக் கீழே ஒலியை வைக்கச் சொல்கிறது. செய்து பார்ப்பது எளிது. ஒலியை மெல்லக் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டும் பின்னிக்கொள்வதுபோல் தோன்றும் இடத்தில் நிறுத்தி, ஒரு பங்கு குறையுங்கள். அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த முறையில் பழக்கம் படிய ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும் என்பார்கள். ஒரே வாரத்தில் கைவிட்டவர் அதைச் செய்து பார்த்ததாகச் சொல்ல முடியாது.

சிகிச்சை ஒலியே எரிச்சலாக இருக்கிறது

கருவியிலோ செயலியிலோ உள்ள "ஷ்" ஓசை எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. கீழ்சுருதி மிகுந்த, அருவி போன்ற ஓசைக்கு மாற்றிப் பாருங்கள். பாட்டும் பேச்சும் கவனத்தை இழுப்பவை, தூங்குவதற்கு உதவாதவை. இயர்போனை மாட்டிக்கொண்டு படுப்பதை நான் ஆதரிக்கவில்லை. இரவு முழுக்கக் காது வேர்க்கும், ஒலியளவும் தெரியாமல் கூடும். கருவிக்குள் இருக்கும் ஒலியெழுப்பியின் அளவை ஆடியாலஜிஸ்ட் வைத்த வரம்புக்கு மேல் கூட்டக் கூடாது.

பாத்திரம் விழுந்தால் காதில் அறைந்தாற்போல் இருக்கிறது

இரைச்சல் உள்ளவர்கள் பலருக்கு உரத்த ஒலி சகியாமையும் சேர்ந்தே இருக்கும். நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைகளிலும், கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைகளிலும் உலோகத்தைத் தட்டும் ஓசையில் ஆயுளைக் கழித்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். கருவியின் உச்ச ஒலி வரம்பை ஆடியாலஜிஸ்ட் குறைத்துத் தர முடியும். அதைச் சொல்லாமல் கருவியையே கழற்றி வைத்துவிடாதீர்கள். சாதாரண வீட்டுச் சத்தத்துக்குப் பயந்து நாள் முழுக்கப் பஞ்சடைத்துக்கொண்டால் காதின் கூச்சம் மேலும் கூடும். அதே நேரம் உண்மையிலேயே உரத்த இடங்களில் காப்பு வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடத்துக்கான பாதுகாப்பு அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். தவில் கச்சேரியின் முன்வரிசையும், வாணவெடிக்கு அருகே நிற்பதும், அறுவடை எந்திரத்தை ஓட்டுவதும் இந்தக் கணக்குக்குள் வருபவை. அணைத்து வைத்த கருவி, அதுவும் திறந்த டோம் உள்ளது, காதைக் காக்காது. அங்கே நுரை அடைப்பான் வேண்டும்.

காது அரிக்கிறது, ஈரமாக இருக்கிறது

மழைக்காலத்தில் செவிக்குழாயில் பூஞ்சை படர்வது இங்கே சாதாரணம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்குள்ளும் இரண்டு சொட்டு விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கருவி அணிபவர் அதை விட்டுவிட வேண்டும்; எண்ணெய் ரிசீவரைக் கெடுப்பதோடு, சவ்வில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்கும் தீங்கு. அரிப்போ ஒழுக்கோ இருக்கும் காதில், மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை கருவியை அணியாமல் இருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மனம் தாங்கவில்லை

கருவியிலும் காதிலும் பழுதில்லை, ஆனால் இரைச்சலைப் பற்றிய எண்ணம் விலகவில்லை, தூக்கம் இல்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் சிகிச்சைக்குரிய நிலைதான். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2014 வழிகாட்டுதல், நீடித்துத் தொல்லை தரும் இரைச்சலுக்கு எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் உளச்சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. ஒலி சிகிச்சையை ஒரு விருப்பத் தெரிவாகவே வைக்கிறது. ஜிங்கோ, மெலடோனின், துத்தநாக மாத்திரைகளை இதற்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. இங்கே பலருக்கு எழுதித் தரப்படும் பீட்டாஹிஸ்டைன் மாத்திரையை இரைச்சலுக்கு மட்டும் என்று கொடுக்க வேண்டாம் என்பது நைஸ் அமைப்பின் நிலை. இரைச்சலை ஒரே வாரத்தில் வேரோடு எடுப்பதாகச் சொல்லும் சொட்டு மருந்துக்கும் லேகியத்துக்கும் நகை அடகு வைத்தவர்களை நான் அறிவேன். அந்தப் பணத்தில் நல்ல பரிசோதனையும் ஒரு ஜோடிக் கருவியின் முன்பணமும் முடிந்திருக்கும்.

வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் கேட்காத காதுக்குத் தொலைபேசி சிரமமென்றால் வீட்டார் அருகிலிருந்து பேசுங்கள்.

ஆடியாலஜிஸ்ட்டிடம் போகும்போது

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். தனியாரிடம் போனால், பொருத்துபவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்தானா என்று கேளுங்கள். கடையில் விற்பவர் எல்லாரும் அப்படியல்லர். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியே கருவி கிடைக்கும், ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவித்திறன் குறைபாடு என்பதை இரு காதிலும் 60 டெசிபலிலிருந்துதான் கணக்கிடுகிறது. இரைச்சலோடு 40, 45 டெசிபல் குறைபாடு உள்ள என்னைப் போன்றவர்கள் அதற்குள் வருவதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

போகும்போது கருவி, டப்பா, பழைய ஆடியோகிராம், உண்ணும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றோடு ஒரு சிறு நோட்டையும் கொண்டுபோங்கள். இரைச்சல் கூடிய நாள், நேரம், அன்று தூங்கிய அளவு, கருவி அணிந்த மணி நேரம், பேட்டரி மாற்றிய தேதி ஆகியவற்றை இரண்டு வாரம் எழுதி வைத்திருந்தால் போதும். என் நோட்டில் கூடிய நாட்கள் ஒன்பதில் ஆறு, பேட்டரி மாற்றியதற்கு முந்தின நாளாகவே இருந்தன. அதைப் பார்த்த ஆடியாலஜிஸ்ட் அமைப்பில் எதையும் மாற்றாமல், பேட்டரியை ஒரு நாள் முன்னதாக மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்.